பேராதனைப் பூங்காவுக்குப் போகிறீர்களா? கோப்பிக் கதையையும் தெரிந்துகொண்டு போங்கள்

ஊருக்குப் போகும் நம்மவர்கள் கண்டிக்கு ஒரு நாள் ஒதுக்கினால் தலதா மாளிகை, வாவி, அப்புறம் பேராதனைப் பூங்கா என்று ஓடி முடித்துவிடுவார்கள். பூங்காவுக்குக் கிடைப்பது ஒரு மணித்தியாலம், பூக்களுக்கு முன்னால் நாலு படம். அது போதாது. மலையகம் இன்றிருக்கும் கோலத்துக்கு வந்ததில் இந்தப் பூங்காவுக்குப் பெரும் பங்கு உண்டு. லட்சக்கணக்கான தமிழர் இந்த மலைகளுக்கு வந்து சேர்ந்த கதையைப் பேராதனையை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. அரை நாளாவது ஒதுக்குங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வாகனத்தில் வருபவர்களுக்கு ஏ9 வீதியே நேர்வழி. வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. மன்னார்ப் பாதை மதவாச்சியில் வந்து சேருகிறது. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய கோப்பித் தோட்டத் தொழிலாளர்கள் காடு வழியே மாத்தளைக்கு நடந்த பாதை, ஏறக்குறைய இந்த வீதி போகும் திசைதான். பசியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணமே நடந்தது. குளிரூட்டிய வானில் போகும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வீதியோரத்திலேயே இருக்கிறது, இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு இன்னும் சுலபம். கண்டி வீதி பூங்கா வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது, கண்டி பஸ்ஸில் ஏறி அங்கேயே இறங்கிவிடலாம். ரயில் விருப்பமென்றால் பேராதனையில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். ஆனால் மலைப்பாதையில் மண்சரிவு வந்தால் ரயில் நின்றுவிடும், அதனால் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். கண்டி நகரிலிருந்து 6 கிலோமீற்றர்கூட இல்லை.

இனி கதைக்கு வருவோம். மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைத்து ஓடும் 147 ஏக்கர் நிலம் இது. 1371இல் மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் இங்கே அரசவை வைத்திருந்தான். பிறகு கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் இது அரச தோட்டமானது. அவன் நாயக்கர் வம்சத்தவன், தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பம். ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தது 1815இல். அவர்கள் தாவரத் தோட்டத்தை முதலில் போட்டது இங்கே அல்ல, கொழும்பு கொம்பனித்தெருவில், 1810இல். அங்கே வெள்ளத் தொல்லை. 1813இல் களுத்துறைக்கு மாற்றினார்கள். 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவர்தான் பேராதனைக்குக் கொண்டுவந்தார். கொம்பனித்தெருவில் இன்றும் கியூ வீதி என்று ஒன்று இருக்கிறது, லண்டன் கியூ பூங்காவின் பெயரைத் தாங்கிக்கொண்டு.

மூன் முதலில் காடு வெட்டித் திருத்தியது தென்மேற்கு மூலையை மட்டும். அங்கே அவர் நட்டவை கோப்பியும் கருவாவும். அழகுக்காக ஆரம்பித்த இடமில்லை இது. எந்தப் பயிர் இந்த மண்ணில் பிடிக்கும், எதில் காசு வரும் என்று பேரரசு சோதித்துப் பார்த்த நாற்றுமேடை. ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸே ஆற்றுக்கு அக்கரையில் கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் வைத்திருந்தார். கோப்பி பிடித்தது. அதன் பின்னர் மலைக்காடுகள் வரிசையாக விழுந்தன. ஆள் தேவைப்பட்டது, ஆள் சேர்த்துக் கூட்டிவரும் கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள்.

1869இல் கோப்பி இலைகளில் ஒரு நோய் வந்தது. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள், தொட்டால் விரலில் ஒட்டும். அப்போது பூங்காவின் பொறுப்பில் இருந்தவர் த்வெய்ட்ஸ். நோய் பிடித்த இலைகளை அவர் இங்கிலாந்துக்கு அனுப்பிவைக்க, பெர்க்லி என்ற பூஞ்சண நிபுணர் அதை ஆராய்ந்து ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். தோட்டத்துரைமார் சாதாரண நோய் என்று நினைத்தார்கள். இருபது வருடத்துக்குள் கோப்பித் தொழிலே சரிந்துவிட்டது. அந்த இடத்தைப் பிடித்தது தேயிலை. அதுவும் பேராதனை வழியாக வந்ததுதான்: சீனத்துத் தேயிலைச் செடி இங்கே 1824இலேயே வந்துவிட்டது, 1839இல் அசாம் விதையும் வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர என்ற தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையை வணிகப் பயிராக வைத்தார்.

கோப்பிக்கும் தேயிலைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் கூட்டம் வேண்டும். அது முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். தேயிலைக்கோ வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக வந்தார்கள், லயங்கள் எனும் வரிசை அறைகளில் தங்கினார்கள், இங்கேயே பிறந்து இறந்தார்கள். அந்த மக்களின் குடியுரிமையைத்தான் 1948இல் பறித்தார்கள். ஒரு செடியின் நோய் ஒரு சமூகத்தின் தலைவிதியை இப்படிப் புரட்டிப் போட்டது. வடக்குக் கிழக்கிலிருந்து போன நம்மில் பலருக்கு இந்த வரலாறு சரியாகச் சொல்லித்தரப்படவே இல்லை என்பது என் வருத்தம்.

இறப்பரையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரேசிலிலிருந்து கியூவுக்குப் போன விதைகளில் முளைத்த கன்றுகள் 1876இல் இலங்கை வந்தன. அவற்றை நட்டது கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடையில். அதுவும் போய்ப் பார்க்கக்கூடிய பூங்காதான்.

உள்ளே போனதும் முதலில் கூந்தற்பனையை, அதாவது தாளிப்பனையை, தேடுங்கள். ஆயுளில் ஒரே ஒருமுறை, பல பத்தாண்டுகள் கழித்துப் பூத்து, காய்த்து, அத்தோடு பட்டுப்போகும் மரம். சிங்கள ஏடுகள் எழுதியது இதன் ஓலையில். நம்முடைய ஏடுகளுக்குப் பெரும்பாலும் பனையோலை. பனை மரங்களும் இங்கே சாலையாக நிற்கின்றன. ஈர மலைநாட்டில், நீலமலைகள் பின்னால் தெரிய, நம் பனை நிற்பதைப் பார்க்கும்போது மனசு என்னவோ செய்யும். உலகிலேயே பெரிய விதையைத் தரும் சீசெல்சின் இரட்டைத் தென்னை, பர்மாவிலிருந்து வந்த இராட்சத மூங்கில், பெரிய புல்வெளியில் கிளை விரித்திருக்கும் ஜாவா அத்தி, ஓர்கிட் வீடு ஆகியவற்றையும் விடாதீர்கள். மரக்கிளைகளில் வௌவால்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். ஆற்றின் மேல் தொங்குபாலம் ஒன்று உண்டு, திறந்திருந்தால் நடந்து பாருங்கள்.

வந்த பெரியவர்கள் நட்ட மரங்கள் தனியாக இருக்கின்றன. 1891இல் ரஷ்ய இளவரசராக வந்த இரண்டாம் நிக்கலஸ் நட்ட நாகமரம், 1901இல் பின்னாளைய ஐந்தாம் ஜோர்ஜும் மேரியும் நட்ட நாகலிங்க மரம், யூரி ககாரின் நட்டது, இந்திரா காந்தி நட்டது என்று வரிசை நீளும். இரண்டாம் உலகப் போரில், 1944இல், மவுண்ட்பேட்டன் தலைமையிலான நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் இந்த மரங்களுக்கு நடுவில்தான் இயங்கியது.

வெளிநாட்டவருக்கும் உள்ளூர்வாசிகளுக்கும் நுழைவுக் கட்டணம் வேறு வேறு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கை அடையாள அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். காலையில் நேரத்தோடு போய்விட்டால் வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. பிற்பகலில் மழை பிடிக்கும், குடை கட்டாயம். பெரும்பாலும் சமதரை என்பதால் வயதானவர்கள் மெதுவாக நடக்கலாம், ஆனால் இடம் பெரிது, அவர்களைப் புல்வெளிப் பக்கம் இருத்திவிட்டு நீங்கள் சுற்றி வாருங்கள். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள், பையைப் பறித்துவிடும்.

அம்மா, அப்பா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் என்றால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். வளாகம் பக்கத்திலேயே இருக்கிறது. குறிஞ்சிக் குமரன் ஆலயத்தடியில் நின்றால் பழைய கதைகள் தானாக வரும்.

இன்னொரு நாள் இருந்தால் ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் அமைந்த தேயிலை அருங்காட்சியகத்தைப் பாருங்கள். அங்கே துரைமாரின் கதை நிறைய இருக்கும். தொழிலாளரின் பக்கத்தைப் பார்க்கக் கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்துக்குப் போக வேண்டும். பழைய லயத்தையே அருங்காட்சியகம் ஆக்கி, அவர்கள் புழங்கிய பொருட்களை வைத்திருக்கிறார்கள். திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் புறப்படுங்கள், பாதை ஒடுக்கமானது.

கடைசியாக ஒன்று. பூங்காவில் கீழே விழுந்து கிடக்கும் விதையையோ காயையோ எடுத்துப் பெட்டியில் வைக்காதீர்கள். கனடா, ஆஸ்திரேலியா விமான நிலையங்களில் பிடித்தால் அபராதம் கட்ட வேண்டிவரும். ஒரு இலை நோய் இந்த மலைகளில் என்ன செய்தது என்று தெரிந்த பிறகு, அந்தச் சட்டத்தின் நியாயத்தைப் பிள்ளைகளுக்கு விளக்குவதும் கஷ்டமில்லை.