சிறிய வீட்டுப் பட்டறைக்கு மேசை வாள் தெரிவு செய்யும் முறை

இலங்கையின் திருகோணமலையில், பாலையூற்றிலுள்ள எங்கள் வீட்டின் பின்புறத்தில், 10 அடிக்கு 12 அடி அளவில் இறக்கிய தகரக் கொட்டில்தான் எனது பட்டறை. மேசைப் பரப்பின் நடுவே மேலெழுந்து சுழலும் வட்ட பிளேட்டை நோக்கிப் பலகையைத் தள்ளி அரியும் இயந்திரமே மேசை வாள். முதல் மேசை வாளை மோட்டாரின் வலுவை மட்டும் பார்த்து வாங்கினேன். முதிரைப் பலகையொன்றை நெடுக்கே அரிந்தபோது விளிம்பு கருகியதோடு, பலகை இரண்டு முறை என்னை நோக்கி எகிறியது. மோட்டாரில் எந்தக் குறையும் இருக்கவில்லை. பலகையை வழிநடத்தும் ‘பென்ஸ்’ எனப்படும் பக்கச் சட்டம் பிளேட்டுக்கு இணையாக நிற்கவில்லை. இரண்டாவது வாளைத் தெரிவு செய்தபோது நான் பின்பற்றிய ஒழுங்கையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். நமது மின்வழங்கல் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பாவித்த பொருட்களாக வந்திறங்கும் வாள்களில் ஜப்பானின் 100 வோல்ட், அமெரிக்காவின் 120 வோல்ட் இயந்திரங்களும் கலந்திருக்கும். அவற்றுக்குப் பாரமான மின்மாற்றி ஒன்றைத் தனியாக வாங்க வேண்டியிருப்பதால், விலை மலிவாகத் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். 1800 வாட் வாள் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8 அம்பியர் இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதைவிடக் கூடுதலாக இழுக்கும். ஆகவே 13 அம்பியர் பிளக்கில் நேரடியாகப் பொருத்துவதே நல்லது. மெல்லிய நீட்டிப்பு வயரில் ஓட்டினால் மோட்டார் சூடேறும்.

அளவைப் பொறுத்தவரை, 254 மில்லிமீற்றர், அதாவது 10 அங்குல பிளேட் உள்ள வாள், பிளேட் நேராக நிற்கும்போது ஏறத்தாழ 75 மில்லிமீற்றர் தடிப்பு வரை அரியும். 210 மில்லிமீற்றர் பிளேட்டுக்கு ஏறத்தாழ 65 மில்லிமீற்றர் ஆழம் கிடைக்கும். அலமாரி, கதிரை, யன்னற் சட்டம் போன்ற வேலைகளுக்குச் சிறியதே போதும் என்பது என் கருத்து.

இனி, என்னைத் தடுக்கி விழுத்திய படிக்கு வருகிறேன்: முதலில் பிளேட்டும், அடுத்து பக்கச் சட்டமும் மேசையில் நெடுக்கே ஓடும் தவாளிப்புக்கு (பள்ளத்துக்கு) இணையாக நிற்கின்றனவா என்று பார்ப்பது. இதைக் கடையிலேயே செய்து பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

பிளக்கைக் கழற்றிவிட்டு பிளேட்டை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். முன்பக்கத்துப் பல் ஒன்றில் பென்சிலால் அடையாளமிடுங்கள். அளவுகோல் நகரக்கூடிய மூலைமட்டத்தின் கட்டையை மேசையிலுள்ள தவாளிப்பின் ஓரத்தோடு அணைத்து வைத்து, அளவுகோலின் முனை அந்தப் பல்லை மெல்ல உரசும் இடத்தில் இறுக்குங்கள். பின்னர் பிளேட்டைக் கையால் சுழற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுவந்து, மூலைமட்டத்தையும் தவாளிப்பு வழியே பின்னால் தள்ளிப் பாருங்கள். முன்னே கேட்ட அதே மெல்லிய உரசற் சத்தம் பின்னேயும் கேட்க வேண்டும். அதே பல்லைத்தான் பாவிக்க வேண்டும். வேறு பல்லை எடுத்தால், பிளேட் சற்று நெளிந்திருந்தாலும் அந்த நெளிவு அளவில் கலந்துவிடும். இடைவெளிக்குள் ஒரு சாதாரண ஏ4 தாள், அதாவது ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர், நுழைவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அடுத்து பக்கச் சட்டத்தைத் தவாளிப்பின் விளிம்புக்குக் கொண்டுவந்து, பிடியை இறுக்கிப் பூட்டிய பின் முன்னும் பின்னும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். நான் விட்ட பிழை, பூட்டுவதற்கு முன்னரே அளந்ததுதான். பூட்டியவுடன் சட்டத்தின் வால் பிளேட்டின் பக்கம் இழுபட்டது. பலகை பின்பற்களுக்கும் சட்டத்துக்கும் இடையில் நெரிந்து எகிறியதற்கு அதுவே காரணம். இச்சோதனையை ஐந்து முறையாவது திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு விலகல் இருந்தால் திருகாணிகளைத் திருப்பிச் சரிசெய்யலாம். ஒவ்வொரு முறையும் வேறு அளவு விலகினால் அந்தச் சட்டத்தை யாராலும் திருத்த முடியாது. முன்னும் பின்னும் பற்சக்கரத்தால் ஒருசேர நகரும் சட்டங்களை நான் பெரிதும் விரும்புகிறேன். டிவோல்ட் நிறுவனத்தின் சிறிய வாள்களில் அத்தகைய அமைப்பு உண்டு.

பிளேட்டுக்குப் பின்னால், அதோடு சேர்ந்தே ஏறி இறங்கும் ரைவிங் நைஃப் என்ற தகடு இல்லாத வாளை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அரிந்த வெட்டு மீண்டும் மூடி, மேலெழும் பின்பற்களைப் பலகை தொடாதபடி தடுப்பது அதுவே. நிமிடத்துக்கு 4800 சுற்றுகள் சுழலும் 254 மில்லிமீற்றர் பிளேட்டின் பல் நுனி மணிக்கு ஏறத்தாழ 230 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் வரும் பலகையைக் கை தடுக்காது.

கடற்காற்று வீசும் நமது ஊரில் வார்ப்பிரும்பு மேசை விரைவில் துருப்பிடிக்கும். அது பாரமாகவும் அதிர்வின்றியும் நிற்கும் என்பது உண்மையே; ஆனால் மாரி மழைக்காலம் முழுவதும் அதற்கு மெழுகு பூசிக்கொண்டிருக்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் அலுமினிய மேசையையே எடுங்கள். பூசும் மெழுகு சிலிக்கோன் கலவாததாக இருக்கட்டும். சிலிக்கோன் மரத்தில் ஒட்டினால் பின்னர் அடிக்கும் வார்னிஷ் பிடிக்காது.

வாளோடு வரும் பிளேட்டை நம்பியிருக்க வேண்டாம். நெடுக்கே அரிய 24 பற்கள், குறுக்கே அரிய 60 பற்கள் என இரண்டு வைத்திருப்பது சிறந்தது. பாலை போன்ற வைரமான மரத்தை 60 பல் பிளேட்டில் நெடுக்கே தள்ளினால், சட்டம் எவ்வளவு நேராக இருந்தாலும் விளிம்பு கருகும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் எரிச்சலையும் ஏற்படுத்தும். முகமூடியும் நீளக்கைச் சட்டையும் அணியுங்கள். கையுறை மட்டும் வேண்டாம், அது பல்லில் சிக்கிக் கையையும் இழுத்துவிடும்.

பிற்சேர்க்கை: புதிய பிளேட் தமது வாளின் அச்சில் ஆடுகிறது என்று கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஐரோப்பிய முறை வாள்களில் அச்சு 30 மில்லிமீற்றர்; அமெரிக்க முறையில் 15.88 மில்லிமீற்றர், அதாவது 5/8 அங்குலம். அவரது அச்சு 25.4 மில்லிமீற்றர், பிளேட்டின் துளையோ 30. பிளேட்டின் விட்டத்தோடு துளையின் அளவையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். துளை பெரிதாக இருந்தால் அதற்கென விற்கும் குறைப்பு வளையத்தைப் போடலாம். சிறிதாக இருந்தால் துளையைப் பெருப்பிக்க முனையாமல் பிளேட்டை மாற்றிக்கொள்ளுங்கள்.