இரண்டு நொடியில் அணைந்துவிடும் பழைய மானிட்டர்

கோடையில் மின்னழுத்தம் ஏறி இறங்கத் தொடங்கினால், கிருஷ்ணகிரியில் உள்ள என் பழுதுபார்ப்புக் கடைக்கு, பர்கூர், காவேரிப்பட்டினம் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளிலிருந்து பழைய எல்சிடி மானிட்டர்கள் வந்துகொண்டே இருக்கும். "போட்டால் எரிகிறது, உடனே அணைந்துவிடுகிறது" என்பதுதான் பெரும்பாலும் குறை. பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன், அது எப்படி அணைகிறது என்பதைப் பொறுமையாகக் கவனியுங்கள்.

முதலில் பவர் கார்டை மாற்றிப் பாருங்கள். பிறகு கணினியிலிருந்து படத்தைக் கொண்டுவரும் விஜிஏ கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் போடுங்கள். சிக்னல் இல்லை என்ற அறிவிப்பு சில நொடிகள் நிலையாகத் தெரிந்த பின் திரை அணைந்தால், அது உறக்கநிலைக்குப் போகிறது என்று பொருள். பழுதைக் கேபிளிலோ கணினியிலோதான் தேட வேண்டும்.

பவர் விளக்கு எரிந்துகொண்டிருக்க, படம் மட்டும் இரண்டு நொடியில் மறைந்தால், அறையை இருட்டாக்கி டார்ச்சைத் திரையருகே சாய்வாகப் பிடியுங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் படம் வருகிறது, பின்னொளி மட்டும் நின்றுவிட்டது. பழைய மானிட்டர்களில் பின்னொளி தருபவை மெல்லிய குழல்விளக்குகள். அவற்றில் ஒன்று கெட்டாலும், அவற்றுக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் பகுதி எல்லாவற்றையும் அணைத்துவிடும். அணைவதற்கு முன் திரை செம்மை படர்ந்து தெரிந்தால் விளக்கையே சந்தேகிக்கலாம்.

பவர் விளக்கு மினுக்கினாலோ, பொத்தானைப் பலமுறை அழுத்திய பிறகே திரை அணையாமல் இருந்தாலோ, நான் முதலில் பார்ப்பது பவர் போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களை, அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் உருளைகளைத்தான். கார்டைக் கழற்றிய பிறகும் அங்குள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும் என்பதால், மல்டிமீட்டரால் அளந்து பார்க்காமல் கை வைக்காதீர்கள். பட்டறைப் பழக்கம் இல்லாதவர்கள் இந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது. படக்குழாய் வைத்த பழைய மானிட்டராக இருந்தால் திறக்கவே வேண்டாம். அதில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்.

நல்ல கெப்பாசிட்டரின் தலை நாணயம்போலத் தட்டையாக இருக்கும். கெட்டதோ நடுவில் உப்பி, சில சமயம் பழுப்பு நிறக் கசிவு காய்ந்து ஒட்டியிருக்கும். சூடுதான் அதன் எதிரி. கிரானைட் பட்டறைகளை அடுத்த கடைகளிலிருந்து வருபவற்றில் காற்றுத் துளைகள் வெண்தூசியால் அடைபட்டு, உள்ளே வெந்துபோயிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. மாதம் ஒருமுறை தூரிகையால் தட்டிவிட்டிருந்தாலே பல ஆண்டுகள் உழைத்திருக்கும். உப்பியதன் மேல் 1000 மைக்ரோஃபாரட் (அதன் கொள்ளளவு), 25 வோல்ட் என்று இருந்தால், அதே மைக்ரோஃபாரடும், அதே வோல்ட் அல்லது சற்றுக் கூடுதலும், தாங்கும் சூடு 105 டிகிரி என்ற குறிப்பும் உள்ளதை வாங்குங்கள். உறையில் கோடு போட்ட பக்கம் மைனஸ் முனை. போர்டில் உள்ள குறியோடு ஒப்பிட்ட பிறகே சால்டர் (ஈயப் பற்று) வையுங்கள், முனை மாறினால் வெடித்துவிடக்கூடும்.

மாற்றி முடித்துப் பின்மூடியைப் பொருத்தியதும், இரண்டு மணி நேரம் ஓடவிட்ட பிறகே உரியவரிடம் கொடுப்பேன். சூடேறிய பின் மறுபடி அணைந்தால், போர்டில் எங்கோ சால்டர் பற்று விட்டுப்போயிருக்கலாம், அதைத் தேட வேண்டும்.