மதுரையிலிருந்து அலையாத்தி நடப் போகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் போய், கன்றோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, திரும்பும்போது பரமக்குடியில் டீ குடித்துவிட்டு வருகிற அலையாத்தி (கடலோரச் சேற்றில் வளரும் சதுப்புநில மரம்) நடவுக்கு இந்த விளக்கம் தேவைப்படாது. நட்டது மூன்று வருடம் கழித்தும் நிற்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மேலே படியுங்கள்.

நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ராமநாதபுரம் மாவட்டத்துப் பாக் விரிகுடாக் கரை. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ராமநாதபுரம், அங்கிருந்து தேவிபட்டினம் வழியாகத் தொண்டி போகும் சாலையில் காரங்காடு. முதல் பயணத்தில் மண்வெட்டியே வேண்டாம். நன்றாக வளர்ந்த காட்டில் எந்த மரம் எவ்வளவு நீரில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். நீரோரத்தில் ஊன்றுகால் மாதிரி வேர்விட்டு நிற்பது சுரபுன்னை. அதற்குப் பின்னால், சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மூச்சுவேர் நீட்டியிருப்பது வெண்கண்டல், அதாவது அவிசீனியா மரினா. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வெண்கண்டலே போதும். உப்பை நன்றாகத் தாங்கும்.

1. இடம் தேர்வு

முக்கால்வாசி வேலை இதில்தான் இருக்கிறது. ஓதம், அதாவது கடலின் நீர்மட்டம், ஏறும்போது நனைந்து, இறங்கும்போது வடிந்துவிடும் இடம் வேண்டும். தினசரி காலண்டர் இதற்கு உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் அதிகம், அஷ்டமியை ஒட்டிக் குறைவு. இரண்டு சமயத்திலும் போய், மூங்கில் குச்சி ஊன்றி நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாக் விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. அதனால் அரையடி மேடு பள்ளம்கூடக் கன்றின் தலையெழுத்தை மாற்றிவிடும்.

நீர் ஏறி, வடியாமல் தேங்கும் பள்ளம்தான் பெரிய எதிரி. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு மட்டும் மண்ணில் தங்கிவிடும். கோடையில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் தரையைப் பார்த்தால் அங்கே நட வேண்டாம். பிச்சாவரத்தில் காடு அழிந்ததற்கு இதுவே காரணம். முன்பு மரங்களை மொத்தமாக வெட்டியதால் தரை காய்ந்து அமுங்கிக் குழியாகிவிட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே முதலில் தலைவாய்க்கால் வெட்டி, அதன் இருபுறமும் மீன்முள் வடிவில் கிளை வாய்க்கால் இழுத்து நீரோட்டத்தை மீட்டது. கன்று அதன் பிறகுதான்.

இன்னொன்று, கடல்தாழை என்னும் கடற்புல் வளரும் ஆழமில்லாத கடலடியில் எதையும் நடாதீர்கள். அது வெறும் தரை கிடையாது. கடற்பசு மேயும் இடம், மீன்குஞ்சு வளரும் இடம். ஒரு வாழிடத்தை அழித்து இன்னொன்றை உண்டாக்குவதில் யாருக்கு என்ன லாபம்?

மழைக்காலத்தில் கொஞ்சமாவது நல்ல தண்ணீர் வந்து கலக்கும் ஓடைமுகமாக இருந்தால் மிக நல்லது. நம் வைகை பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. மிஞ்சி வந்தால்தான் ஆற்றங்கரை என்ற ஊரருகே கடலைத் தொடும். மதுரையில் வைகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த முகத்துவாரம் வரை ஒருமுறை போய் வருவது நல்லது.

2. அனுமதி

வனத்துறையிடம் எழுத்தில் வாங்குங்கள், விதை பொறுக்கவும் சேர்த்து. ஊர் மீனவர்களிடம் பேசாமல் எதுவும் தொடங்க வேண்டாம். வலை இழுக்கும் வழி, படகு கட்டும் இடம் எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கூலி கொடுத்து அவர்களையே நாற்றங்காலுக்குப் பொறுப்பாக்கினால், நூற்றுச்சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நம்மைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்.

3. விதை

புரட்டாசி, ஐப்பசி வாக்கில் பாருங்கள். வெண்கண்டல் காய் பட்டையான மொச்சைக்கொட்டை போலிருக்கும். பச்சை மாறி மஞ்சள் தட்டியதும், தொட்டாலே கையோடு வந்துவிடும். பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் முற்றவில்லை. ஓட்டை விழுந்ததை ஒதுக்குங்கள், அதில் பூச்சி இருக்கும். வாளித் தண்ணீரில் ஓரிரு நாள் போட்டால் மேல்தோல் கழன்றுவிடும். இது மரத்திலேயே முளைவிடத் தொடங்கிவிடும் விதை என்பதால், வீட்டுக்குக் கொண்டுவந்து வாரக்கணக்கில் வைத்திருக்க முடியாது.

4. நாற்றங்கால்

கரையிலேயே, ஓதநீர் வந்துபோகும் மேட்டில் அமையுங்கள். மொட்டைமாடியில் கார்ப்பரேஷன் தண்ணீர் ஊற்றி வளர்த்த கன்றை நேராகக் கொண்டுபோய் உப்புச்சேற்றில் வைத்தால் திணறும். பாலிதீன் பையில் அந்த இடத்துக் களிமண்ணையே நிரப்பி, விதையின் வேர்முனை மண்ணில் பதியும்படி லேசாக அழுத்துங்கள். ஆழமாகப் புதைத்தால் அழுகிவிடும். நண்டும் ஆடும் வராமல் சுற்றிப் பழைய வலை கட்டுங்கள்.

5. நடவு

அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது நடுங்கள். அப்போது மண்ணின் உப்பு குறையத் தொடங்கும். வற்றநேரத்தில் இறங்கி, பையை முழுதாகக் கிழித்தெடுத்து, மண்கட்டி உடையாமல் குழியில் வையுங்கள். கன்றுக்குக் கன்று ஒரு மீட்டராவது இடைவெளி விடுங்கள். வாய்க்கால் வெட்டியிருந்தால் அதன் சரிவில் நடுவதே சரி. கிழித்த பைகளை எண்ணி மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிடுங்கள்.

6. பிறகு

கன்றில் சுற்றும் பாசியைக் கையால் எடுத்துவிட வேண்டும். வெண்கண்டல் இலை என்றால் ஆடு மாட்டுக்கு உயிர், அதனால் வேலி முக்கியம். வாய்க்காலில் வண்டல் படியப் படியத் தூர்வார வேண்டும். செலவுக் கணக்கு போடும்போதே இதற்கும் பணம் ஒதுக்குங்கள். கன்று செத்த இடத்தில் உடனே இன்னொன்றை நடாதீர்கள். அங்கே நீர் தேங்குகிறதா, மண் மேடேறிவிட்டதா என்று பார்த்துச் சரிசெய்துவிட்டு, அதற்கடுத்த மழைக்கு நடுங்கள்.