தூங்கிய உடனே விழித்துக்கொள்ளும் லினக்ஸ் கணினி: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கணினியைத் தூங்க வைக்க சஸ்பெண்ட் கொடுக்கிறோம். திரை அணைகிறது, மின்விசிறி நிற்கிறது. எழுந்து அறைக் கதவு வரை போவதற்குள் அதே மின்விசிறி மறுபடியும் சுழலத் தொடங்குகிறது. என் மேசைக் கணினி இப்படித்தான் இரண்டு வாரம் என்னைப் படுத்தியது. இதற்காக லினக்ஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டாம். பெரும்பாலும் ஏதோ ஒரு சாதனம்தான் கணினியை எழுப்பிக்கொண்டிருக்கும்.

தொடங்கும் முன் திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிடுங்கள். சஸ்பெண்டில் உங்கள் வேலை ராம் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். மின்சாரம் போனால் அதுவும் போய்விடும்.

படி 1: யூஎஸ்பி சாதனங்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள், மவுஸையும் சேர்த்து. விசைப்பலகை மட்டும் இருக்கட்டும். இப்போது தூங்க வைத்துப் பாருங்கள். தூங்கினால் ஒவ்வொன்றாகச் செருகிச் சோதியுங்கள். என் வீட்டில் குற்றவாளி மவுஸ்தான்: மேசை லேசாக அதிர்ந்தாலே போதும், அதன் அடியில் உள்ள சிவப்பு விளக்கு மினுங்கும், கணினி எழுந்துவிடும்.

படி 2: கழற்றியும் பயனில்லையா? டெர்மினலைத் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) திறந்து, ப்ராக் அடைவுக்குள் இருக்கும் ஏசிபிஐ அடைவில் 'வேக்அப்' என்ற கோப்பை (/proc/acpi/wakeup), கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் கேட் (cat) கட்டளையால் படியுங்கள். கணினியை எழுப்பக்கூடிய சாதனங்களின் பட்டியல் அது. ஒவ்வொரு வரியிலும் 'எனேபிள்டு' அல்லது 'டிசேபிள்டு' என்று இருக்கும். எக்ஸ்எச்சி (XHC) எனத் தொடங்குபவை யூஎஸ்பி கட்டுப்படுத்திகள். ஏஎம்டி மதர்போர்டு என்றால் ஜிபிபி0 (GPP0) என்ற பெயரை முதலில் சந்தேகப்படுங்கள்.

படி 3: 'எனேபிள்டு' என்று இருக்கும் பெயர்களில் சந்தேகப்படுவதை, உரையை வெளியிடும் எக்கோ (echo) கட்டளையால் அதே கோப்பில் எழுதினால் அந்தச் சாதனத்தின் எழுப்பும் திறன் மட்டும் முடக்கப்படும். புதியவர்கள் இடறும் இடம் இதுதான். எக்கோவுக்கு முன்னால், நிர்வாகி உரிமை தரும் சூடோ (sudo) போட்டு, அம்புக்குறியால் (>) கோப்புக்குத் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும். கோப்பைத் திறப்பது சூடோ அல்ல, நிர்வாகி உரிமை இல்லாத உங்கள் ஷெல் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்). எனவே எக்கோவின் வெளியீட்டைக் குழாய்க்குறி (|) வழியாக, கோப்பில் எழுதும் 'சூடோ டீ' (sudo tee) கட்டளைக்கு அனுப்புங்கள். இன்னொன்று: இது சுவிட்ச் மாதிரி. அதே பெயரை இரண்டாம் முறை எழுதினால் எழுப்பும் திறன் மறுபடியும் இயங்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் பட்டியலைப் படித்துச் சரிபாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பெயரை மட்டும் மாற்றுங்கள். நான்கைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்பது கடைசி வரை தெரியாது. யூஎஸ்பி கட்டுப்படுத்தியின் எழுப்பும் திறனை முடக்கியபின் விசைப்பலகையால் எழுப்ப முடியாமல் போகலாம்; பவர் பொத்தானை அழுத்துங்கள்.

படி 4: மறுதொடக்கத்தில் இந்த மாற்றம் மறைந்துவிடும். எது காரணம் என உறுதியானதும், அதே கட்டளையை பூட் ஆகும்போது ஒரு முறை மட்டும் இயக்கும் சேவையை, லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் (systemd) எழுதிவையுங்கள்.

விழித்தும் திரை கருப்பாகவே இருந்தால் அது வேறு நோய். கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு மாறினால் கணினி உயிரோடுதான் இருக்கிறது. கிராபிக்ஸ் டிரைவரைப் பாருங்கள். என்விடியா அட்டை என்றால் அதன் சஸ்பெண்ட், ரெஸ்யூம் சேவைகள் இயக்கப்பட்டுள்ளனவா என்று சிஸ்டம்சிடிஎல் (systemctl) கட்டளை மூலம் சோதியுங்கள். விளக்கும் மாறவில்லை என்றால் மறுதொடக்கம் செய்து, முந்தைய பூட்டின் கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) பதிவை ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளை மூலம் படியுங்கள். 'சஸ்பெண்ட் என்ட்ரி' வரியோடு பதிவு நின்றுவிட்டதா, அதற்குப் பின் 'சஸ்பெண்ட் எக்ஸிட்' வந்திருக்கிறதா? வந்திருந்தால் கெர்னல் விழித்துவிட்டது. சிக்கல் அதற்குப் பிறகு நேர்ந்தது.