மாத்திரை அடிக்கறதுக்கு முன்னாடி பவுடர பாருங்க

ஃபார்முலேஷன் லேப்ல புதுசா சேர்ற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் நேரா மிஷின்ல போட்டு அடிச்சு பாத்துடலாம்னு நிக்கறாங்க, வேணாம், முதல்ல பவுடர் எப்பிடி ஓடுதுனு பாருங்க. வீட்ல ரவையும் மைதாவும் தனித்தனியா தட்டுல கொட்டி பாத்தாலே புரியும், ரவை சர்ருனு சரிஞ்சு பரவிடும், மைதா மலை மாதிரி நிக்கும், மிஷினுக்குள்ள பவுடர் எறங்கற புனல் இருக்கே, ஹாப்பர், அதுலயும் அதேதான்.

100 கிராம் எடுத்து 250 எம்எல் சிலிண்டர்ல மெதுவா கொட்டி வால்யூம் எழுதிக்கோங்க, அப்புறம் சிலிண்டர தட்டிக்கிட்டே இருக்கற டேப் டென்சிட்டி மிஷின்ல 1250 தட்டு வரைக்கும் விட்டு திரும்ப எழுதுங்க. 200 இருந்தது 150 ஆச்சுன்னா 50 எறங்கிருக்கு, 200ல அது 25 சதவீதம், இதான் கார் இண்டெக்ஸ். 15க்குள்ள வந்தா நல்லா ஓடும், 25 தாண்டுனா நேரா அடிக்காதீங்க, கிரானுலேஷன் போங்க, அதாவது பவுடர குருணையா ஆக்கிக்கோங்க. சப்ளையர் ரிப்போர்ட்ல அஸ்ஸே, அதாவது மருந்து எத்தன சதவீதம் இருக்குங்கற கணக்கு, சரியா இருக்குனு இத விட்டுடாதீங்க, லாட் மாறுனா துகள் சைஸும் மாறும், ஓட்டமும் மாறும்.

அடுத்தது ஈரம். நான் வேலை பாத்தது மாதவரம் பக்கம், ஐப்பசி கார்த்திகைல நம்ம ஏரியாவுல உப்பு ஜாடியே கசியும், அப்போ துகள்கள ஒட்ட வைக்க போடற பிவிபி மாதிரி ஈரம் இழுக்கற பவுடர் என்ன ஆகும்? ஒரு மழை நாள்ல நான் பிவிபி கவர கட்டாம சாப்பிட போய்ட்டேன், வந்து பாத்தா விரல்ல ஒட்டுது, கட்டி கட்டியா இருக்கு, அந்த பேக் முழுக்க தூக்கி போட வேண்டியதா போச்சு. அதனால எடை போட்ட உடனே கட்டிடுங்க, ரூம் ஆர்ஹெச், அதான் காத்துல இருக்கற ஈரப்பதம், எவ்ளோனு நோட்ல எழுதுங்க, எல்ஓடி, அதாவது காய வச்சா எவ்ளோ எடை குறையுதுனு, பாக்காம எதையும் பிளெண்ட்ல சேக்காதீங்க.

இப்போ முக்கியமானது, மருந்தும் கூட போடற பொருளும் ஒத்துப்போகுதானு. ரெண்டையும் ஒண்ணுக்கு ஒண்ணு கலந்து வயல்னு சொல்ற சின்ன கண்ணாடி பாட்டில்ல போட்டு மூடி, 40 டிகிரி 75 சதவீத ஆர்ஹெச்ல நாலு வாரம் வைங்க, கூடவே மருந்து மட்டும் தனியா ஒரு வயல் வைங்க, இல்லன்னா எதோட கம்பேர் பண்ணுவீங்க? ஃப்ளூவாக்ஸெட்டின் மாதிரி அமீன்ங்கற நைட்ரஜன் பகுதி இருக்கற மருந்த லாக்டோஸோட போட்டா பழுப்பு ஏறும், ஆஸ்பிரினோட, மாத்திரை மிஷின்ல ஒட்டாம இருக்க போடற மெக்னீசியம் ஸ்டியரேட்ட போட்டா ஆஸ்பிரின் வேதியியலா உடைஞ்சு போயி மூடிய தெறந்த உடனே வினிகர் வாசனை அடிக்கும், அங்க அதுக்கு பதிலா ஸ்டியரிக் ஆசிட் போட்டு பாருங்க.

மத்த மருந்துக்கு மெக்னீசியம் ஸ்டியரேட் போடறதா இருந்தா அத கடைசியா சேத்து மூணு நிமிஷம் போல சுத்துனா போதும், ரொம்ப நேரம் சுத்துனா துகள் மேல மெழுகு மாதிரி படிஞ்சு மாத்திரையும் இறுகாது, தண்ணில கரையவும் லேட்டாகும்.