பூச்சு வேலைக்கு முன்: புது வீட்டில் பிளக் பாயிண்ட் அமைக்கும் முறை

செட்டிநாட்டில் புது வீடு கட்டுவோர் பலர் இன்றும் தரைக்கு ஆத்தங்குடிக் கல்லையே விரும்புகிறார்கள். அது சூளையில் சுடப்படாமல், கண்ணாடியின் மேல் கையால் வார்க்கப்படுவதால், பதித்த பிறகு பெயர்த்தெடுத்தால் அதே நிறத்தில் மாற்றுக்கல் கிடைப்பது அரிது. ஆகவே தரைக்கடியில் ஓட வேண்டிய வயர் பைப்புகளும் சுவருக்குள் மறையும் பைப்புகளும் எங்கே செல்லும் என்பதைக் கொத்தனார் பூச்சுக் கலவை குழைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு வயரிங்கை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் மூலமே செய்ய வேண்டும் என்பது விதி. இடம் குறித்தல், பைப் பதியச் சுவரில் காடி (பள்ளம்) வெட்டுதல், பெட்டி பதித்தல், வயர் இழுத்தல் ஆகியவற்றை அவருடைய மேற்பார்வையில் நீங்களே செய்யலாம். வீட்டின் மின் பாதைகள் எல்லாம் பிரியும் டிபி பாக்ஸில் இணைப்பதையும் இறுதிச் சோதனையையும் அவரிடமே விட்டுவிடுங்கள். சுவரில் வேலை நடக்கும் நாட்களில் அந்தப் பாதையில் மின்சாரம் இருக்கவே கூடாது.

முதலில் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் இடங்களைக் குறியுங்கள். கூடத்திலும் படுக்கையறையிலும் தாழ்வான பிளக் தரையிலிருந்து ஓரடி உயரத்திலும், சுவிட்ச் போர்டு நாலடி உயரத்திலும் இருப்பது வழக்கம். அடுப்படியில் மேடைக்கு மேல் முக்கால் அடி விட்டு, தண்ணீர்த் தொட்டியிலிருந்து இரண்டடியாவது தள்ளி வையுங்கள். முற்றத்தைப் பார்த்த சுவரில் சாரல் எட்டும் இடத்தில் பிளக் வேண்டாம்; வேண்டியே தீருமென்றால் மழைக்கு மூடியுள்ள வகையை வாங்குங்கள்.

அடுத்து ஒவ்வொரு பாயிண்டுக்கும் என்ன சுமை வரும் என்று எழுதிக்கொள்ளுங்கள். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் என்பதால், 6 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறக்குறைய 1380 வாட் வரைதான். 2000 வாட் கீசர் ஒன்றே 9 ஆம்பியர் அளவு இழுத்துவிடும். அதற்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். விளக்கு, மின்விசிறி, 6 ஆம்பியர் பிளக்குகளுக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயரும், 16 ஆம்பியர் பிளக்கிற்கு இரண்டரையும், ஏசிக்கு நான்கும் இழுப்பது நம் பக்கத்து நடைமுறை. சுமை மீறினால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி அந்த வயரைக் காப்பதற்காகவே இருக்கிறது; அடிக்கடி விழுகிறதென்று பெரிய ஆம்பியருக்கு மாற்றினால், முதலில் சூடேறுவது சுவருக்குள் இருக்கும் வயர்தான்.

பிறகு காடி வெட்டுதல். செங்குத்தாக மட்டுமே வெட்டுங்கள். குறுக்காகவோ சாய்வாகவோ வெட்டினால் சுவரின் பலம் குறைவதோடு, பின்னாளில் படம் மாட்ட ஆணி அடிப்பவருக்கு உள்ளே வயர் ஓடுவது தெரியாமலும் போகும். பழைய வளவு வீட்டைப் புதுப்பிப்பவர்களாக இருந்தால், முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெருகேற்றிய அந்தச் சுவர்களில் உளியே வைக்காதீர்கள். அந்தப் பூச்சைத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம். அங்கே சுவருக்கு மேலாகக் கேசிங் (வயரை மூடிச் செல்லும் பட்டை) ஓட்டுவதே சரி.

பெட்டியைப் பதிக்கும்போது ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பெட்டியின் விளிம்பு செங்கல் முகத்தோடு நில்லாமல், பூச்சு வரப்போகும் கனத்துக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். இல்லையேல் பூசிய பின் சாக்கெட் குழிக்குள் போய்விடும். கலவை உள்ளே புகாமல் காகிதத்தைத் திணித்து வையுங்கள். பூச்சுக்கு முன்பு ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து வைப்பதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

பூச்சு காய்ந்த பிறகே வயர் இழுக்க வேண்டும். மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸுக்குச் சிவப்பு, மஞ்சள் அல்லது நீலம், அது திரும்பும் நியூட்ரலுக்குக் கறுப்பு, கசிவை மண்ணுக்குக் கடத்தும் எர்த்துக்குப் பச்சை என்ற நிறங்களை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள். ஒரு நிறச் சுருள் தீர்ந்துவிட்டது என்று வேறு நிறத்தை இழுத்துவிட்டால், பத்தாண்டு கழித்துப் பழுது பார்க்க வருபவரின் உயிரோடு விளையாடுகிறோம். பைப்புக்குள் ஒட்டு வயர் கூடாது. பெட்டியில் அரை அடி மிச்சம் விடுங்கள்.

சாக்கெட்டின் பின்புறத்தில் எல், என், இ என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். முன்பக்கத்தில் வலமாக இருப்பது பின்பக்கத்தில் இடமாகிவிடும் என்பதால், திசையை நம்பாமல் எழுத்தைப் பார்த்தே முடுக்குங்கள். பேஸ் சுவிட்ச் வழியாக எல்லுக்கும், நியூட்ரல் நேராக என்னுக்கும், எர்த் மேலே உள்ள பெரிய துளைக்குரிய இ முனைக்கும் போக வேண்டும். இரும்புப் பெட்டியாக இருந்தால் அதற்கும் எர்த் கொடுங்கள். இழைகளை முறுக்கி, ஓர் இழைகூட வெளியே தெரியாமல் திருகை இறுக்கி, பின் வயரை இழுத்துப் பாருங்கள்.

எர்த்துக்குச் செலவைக் குறைக்கும் வீடுகளைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. நம் செம்மண் சித்திரை வைகாசியில் காய்ந்து போவதால், எர்த் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றுவதற்கு வசதியாக அதைத் தோட்டக் குழாய்க்கு அருகில் அமையுங்கள். கூடவே, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் ஒப்பந்ததாரர், வயர் உறையின் காப்புத்தன்மையை அளக்கும் 500 வோல்ட் மெகரால் சோதிப்பார். வயருக்கும் எர்த்துக்கும் இடையே 1 மெகா ஓமுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். குறைந்தால் ஈரமோ உரசிய வயரோ எங்கோ இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் மெயினைப் போடச் சொல்லாதீர்கள். மெயின் போட்டதும் ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தி அது உடனே விழுகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.