லெந்து நாட்களுக்குப் பாட்டு எடுக்கிறீர்களா? முதலில் ஆட்களை எண்ணுங்கள்

களியக்காவிளை தாண்டி, கேரளத்துப் பாறசாலைப் பக்கத்துச் சபைகளில், கொயர் (பாடகர் குழு) பொறுப்பு புதிதாகக் கைக்கு வந்தவர்களுக்காக எழுதுகிறேன். லெந்து என்கிற தவக்காலம் சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனி வரை 46 நாள். ஞாயிறுகளைக் கழித்தால் 40. பாட்டுப் புத்தகத்தைத் திறக்க அவசரப்படாதீர்கள்.

1. நம்ம ஆண்களில் பாதிப்பேர் கல்ஃபில். மீதிப்பேர் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விட்டு, மாலைப் பயிற்சிக்குக் கொட்டாவியோடு வருவார்கள். டெனருக்கு (ஆண்களின் மேல்குரல்) மூன்று பேர் தேறாவிட்டால் நான்கு குரல் அரேஞ்ச்மென்ட் வேண்டாம். சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்), ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்), ஆண்குரல் ஒன்று என மூன்று குரலுக்கு எழுதியதை எடுங்கள். நான் ஒருமுறை வீம்புக்கு நான்கு குரல் எடுத்தேன். பெரிய வெள்ளியன்று இருந்த ஒரே டெனருக்கும் சளி.

2. இதுதான் முக்கியம். பாமாலைகள் (சபைப் பாட்டுப் புத்தகத்துப் பாட்டுகள்) பெரும்பாலும் மேல்நாட்டு மெட்டுக்குள் தமிழை உட்காரவைத்தவை. நீளும் சுரத்தில் குறில் வந்து விழுந்தால் பொருளே மாறும்: ‘பாவத்தை விடு’ என்பது ‘வீடு’ ஆகிவிடும், ‘பலி’ ‘பாலி’ ஆகும். ஆகவே ஆர்கனைத் தொடாமல், தாளம் தட்டி வார்த்தைகளை மட்டும் வாசியுங்கள். இடறுகிற இடத்தில் நீண்ட சுரத்தை இரண்டாக உடைத்து அடுத்த அசையை முன்னுக்குக் கொண்டுவரலாம். பழகிப்பார்க்க ராக்கிங்ஹாம் என்கிற ஆங்கிலப் பாமாலை மெட்டு நல்லது. 1790-ல் எட்வர்ட் மில்லர் அமைத்தது. அடிக்கு எட்டு அசை, மூன்று தட்டுத் தாளம். நீளும் இடங்கள் சட்டென்று பிடிபடும்.

3. ராகத்தில் அமைந்த கீர்த்தனைக்கு நான்கு குரல் போடாதீர்கள், கமகம் (சுரங்களின் அசைவு) செத்துப்போகும். எல்லோரும் ஒரே மெட்டைப் பாடட்டும். பாஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) மட்டும் ச, ப சுரங்களைப் பிடித்தால் போதும். பஞ்சமம் (ப) இல்லாத ராகம் என்றால் ச மட்டும்.

4. சோப்ரானோ கழுத்து நரம்பு புடைக்கப் பாடினால் ஒரு முழுச் சுரம் இறக்குங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் அதற்குத்தான். இறக்கியதும் பாஸ் தரைதட்டுகிறதா என்று பாருங்கள்.

5. அல்லேலூயா வரும் பாட்டை ஈஸ்டருக்கு எடுத்துவையுங்கள். குருத்தோலை ஊர்வலத்துக்கு உரக்கப் பாடலாம். பெரிய வெள்ளி மும்மணி (மூன்று மணி நேர) ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு நடுவே இரண்டு சரணம், ஆர்கன் இல்லாமல். செய்தி (பிரசங்கம்) நீளும், பாட்டும் நீண்டால் சபை தாங்காது.

கூட்டு ஆராதனையில் மலையாளத்தவரும் இருந்தால் ஒரே மெட்டில் அவர்களுக்கு ஒரு சரணம், நமக்கு ஒரு சரணம் என்று பிரித்துக்கொள்ளலாம். விடு, வீடு சோதனையை அவர்கள் சரணத்துக்கும் செய்துவிடுங்கள். குறில் நெடில் தொல்லை அங்கேயும் உண்டு.